மூன்று மாடி உயரம், முழங்கால் அளவு வீழ்ச்சி

அருங்காட்சியகம், அறிவியல் மையம், உயிரியல் பூங்கா, விமான நிலையம் என மக்கள் கூடிப் பார்க்க வரும் இடங்களில், கூரைக்குக் கீழே குழந்தைகளுக்கென்று ஒரு விளையாட்டுக் கட்டமைப்பு இருப்பது இன்று ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை விற்பனையாளரின் பட்டியலைப் பார்த்து வாங்கப்பட்டவை. இரும்புக் குழாய்ச் சட்டகம், அதன்மேல் ஃபோம் உறை, சுற்றிலும் வலை, நடுவில் பிளாஸ்டிக் சறுக்குமரம், வெளிப்பக்கத்தில் அந்த இடத்துக்கேற்ப டைனோசரோ கப்பலோ வரைந்த பலகை. இவற்றைப் பழிப்பதற்காக நான் எழுத உட்காரவில்லை. மழைநாளில் பெற்றோருக்கு அவை செய்யும் உபகாரம் பெரிது. ஆனால் மிகச் சில இடங்களில், அந்தக் கூடத்துக்காகவே ஒரு கட்டடக் கலைஞரோ சிற்பியோ யோசித்து எழுப்பிய கட்டமைப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கும் பட்டியல் சரக்குக்கும் உள்ள வேறுபாட்டை அழகின் கணக்கில் வைத்துத்தான் பொதுவாகப் பேசுகிறார்கள். ஆபத்தை யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வியை வைத்துப் பார்த்தால்தான் அந்த வேறுபாடு சரியாக விளங்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நல்ல கட்டமைப்பில் குழந்தையைக் காப்பாற்றும் வேலையை அதன் வடிவமே செய்துவிடுகிறது. மற்றவற்றில் அந்த வேலை மெத்தையின் தலையிலும், அறிவிப்புப் பலகையின் தலையிலும், விசில் வைத்திருக்கும் பணியாளர் தலையிலும் விழுகிறது.

பட்டியல் சரக்கும் ஒரு காலத்தில் புதுமையாகத்தான் பிறந்தது. கனடாவின் டொரான்டோ நகரில் ஒன்டாரியோ பிளேஸ் என்னும் ஏரிக்கரைப் பொழுதுபோக்கு வளாகத்தில் எரிக் மக்மில்லன் என்ற வடிவமைப்பாளர் 1972இல் ‘சிறுவர் கிராமம்’ ஒன்றை உருவாக்கினார். குத்துச்சண்டைப் பயிற்சிப் பைகளைக் காடு போலத் தொங்கவிட்டு அவற்றுக்கு நடுவே குழந்தைகளை ஓடவிட்டதும், ஃபோம் பரப்பில் புதையுண்டு எழவைத்ததும், ஏறுவதற்கு வலைகளைக் கட்டியதும் அங்கேதான். பிளாஸ்டிக் பந்துகளை நிரப்பிய பந்துக்குளமும் அவருடைய கைவண்ணமே. 1976இல் அமெரிக்காவின் சான் டியேகோ சீவோர்ல்ட் வளாகத்தில் அது முதன்முதலாக மக்கள் முன் வந்தது. உடல் முழுவதையும் விளையாட்டுக்குள் இழுத்த அந்த எண்ணம் பிறகு உணவகச் சங்கிலிகளின் கைக்குப் போயிற்று. எங்கும் எளிதாகப் பொருத்தக்கூடிய சதுரக் கூண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, அது இன்றைய உருவத்தை அடைந்தது. சதுரக் கூண்டின் குறை அதன் ஒழுங்கில் இருக்கிறது. ஒரு கூண்டில் ஏறத் தெரிந்த குழந்தைக்கு எல்லாக் கூண்டுகளிலும் ஏறத் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் மிஞ்சுவது ஓட்டமும் கூச்சலும் மட்டுமே.

இதற்கு நேர் எதிரான எண்ணத்தை அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த டாம் லக்கி என்ற சிற்பி-வடிவமைப்பாளரின் ஏறுகட்டமைப்புகளில் காணலாம். வளைத்துச் செய்த பிளைவுட் தட்டுகள், இலைகள் போல ஒன்றையொன்று பாதி மறைத்தபடி, எஃகுக் குழாய்களிலும் வடங்களிலும் அந்தரத்தில் நிற்கின்றன. மொத்தத்தையும் நெருக்கமான கம்பிவலை போர்த்தியிருக்கிறது. பாஸ்டன் சிறுவர் அருங்காட்சியகம் விரிவாக்கப்பட்டு 2007இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, அதன் நுழைவுக் கூடத்தில் மூன்று மாடி உயரத்துக்கு இத்தகைய கட்டமைப்பு ஒன்று எழுந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் பெரியவருக்கு அடிவயிறு கலங்கும். உள்ளே இருக்கும் குழந்தையின் நிலை வேறு. எந்தத் தட்டில் நின்றாலும் அதற்குச் சற்றுக் கீழே இன்னொரு தட்டு இருக்கிறது. கை நழுவினால் அதில்தான் விழ முடியும், அதையும் தாண்டினால் வலை இருக்கிறது. மூன்று மாடி உயரத்தை ஏறிக் கடந்த பெருமை முழுவதும் குழந்தைக்குக் கிடைக்கிறது. விழக்கூடிய தூரமோ எந்த இடத்திலும் அதன் முழங்காலையோ இடுப்பையோ ஒட்டித்தான் நிற்கிறது.

இந்தத் தந்திரத்தின் அருமை புரிய, பாதுகாப்பு விதிகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். விளையாட்டுக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 1176, குழந்தை தடையின்றி விழக்கூடிய உயரம் 3 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த உயரம் கூடக் கூட, கீழே இடும் தரைவிரிப்பும் மேலும் அதிர்ச்சி தாங்கவேண்டும். கட்டமைப்பின் மொத்த உயரத்துக்கு இந்த வரம்பு பொருந்தாது. ‘விழக்கூடிய உயரம்’ என்பதும் ‘ஏறக்கூடிய உயரம்’ என்பதும் வேறு வேறு என்பதைப் பிடித்துக்கொண்ட வடிவமைப்பாளருக்கு வானம் திறந்துவிடுகிறது. அதைப் பிடிக்காதவர் உயரத்தையே குறைத்து, குறைத்த உயரத்துக்கும் மெத்தை போட்டு, குழந்தைக்குச் சலிப்பை மட்டும் மிச்சம் வைக்கிறார்.

இன்னொரு விதியும் வடிவத்தை உள்ளிருந்தே செதுக்குகிறது. ஏறத்தாழ 9 செ.மீ. முதல் 23 செ.மீ. வரையிலான திறப்புகள் ஆபத்தானவை என்று பெரும்பாலான தரநிலைகள் கருதுகின்றன. சிறு குழந்தைகள் பல நேரங்களில் காலை முதலில் நுழைத்து, உடலை வளைத்து உள்ளே போவார்கள். உடல் போகும் இடைவெளியில் தலை போகாமல் சிக்கிக்கொண்டால் உடலின் எடை முழுவதும் கழுத்தில் தொங்கும். ஆகவே எந்தத் திறப்பும் உடலே நுழைய முடியாத அளவுக்குச் சிறிதாக இருக்கவேண்டும், அல்லது தலையும் தாராளமாகப் போய்வரும் அளவுக்குப் பெரிதாக இருக்கவேண்டும். நேர்க்கோட்டுக் கம்பிகளாலான கூண்டில் இதை அளந்து முடிப்பது எளிது. வளைந்த இரு பரப்புகள் ஒன்றையொன்று நெருங்கி விலகும் இடத்தில், இடைவெளி எல்லா அளவுகளையும் கடந்து போகுமாதலால், எங்கோ ஓரிடத்தில் அந்தத் தடைசெய்யப்பட்ட அளவு வந்தே தீரும்; அங்கெல்லாம் வலையை இழுத்துக் கட்டியோ பலகையை நீட்டியோ வடிவமைப்பாளர் விடை காணவேண்டும். சுதந்திரமாகத் துள்ளுவது போலத் தெரியும் வளைவுகளுக்குப் பின்னால் இப்படியொரு கணக்குப் பிள்ளையின் பொறுமை இருக்கிறது. எனக்கு அந்த வளைவுகளைவிட இந்தப் பொறுமையின்மேல்தான் மதிப்பு அதிகம்.

லக்கியின் கதையில் ஒரு கசப்பும் உண்டு. 2005இல் ஒரு சன்னலிலிருந்து விழுந்து அவர் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். பாஸ்டன் கட்டமைப்பு அதற்குப் பிறகு, மகன் ஸ்பென்சரின் துணையோடு நிறைவேறியது. குழந்தைகள் விழாமல் ஏறுவதற்கு வாழ்நாளெல்லாம் வழி தேடிய ஒருவர், தன் கடைசிப் பெரும்படைப்புகளில் ஒன்றைச் சக்கர நாற்காலியில் இருந்தபடி பார்க்க வேண்டியதாயிற்று. ஏறுவதையே உயிராகக் கொண்ட கட்டமைப்பு, ஏற முடியாத குழந்தைக்கு என்ன தருகிறது என்ற கேள்வி இதனால் இன்னும் கூர்மையாகிறது. அந்தக் கேள்விக்குக் கடைசியில் திரும்ப வருகிறேன்.

தட்டுகளே இல்லாமல் வலையை மட்டுமே கட்டடமாக்கியவர் ஜப்பானில் பிறந்து கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் குடியேறிய நெசவுக் கலைஞர் டோஷிகோ ஹொரியுச்சி மக்ஆடம். அவருடைய தொடக்கக் காலப் படைப்புகள் கண்காட்சிக் கூடங்களில் தொங்கிய, தொடக்கூடாத நூற்சிற்பங்கள். ஒரு கண்காட்சிக்கு வந்த குழந்தைகள் அவற்றில் ஏறி ஆடத் தொடங்கியபோதுதான், தன் சிற்பத்துக்கு உயிர் வந்ததாக அவர் உணர்ந்தார். அதன்பின் குழந்தைகளுக்காகவே பின்னலானார். வண்ணம் தோய்த்த நைலான் கயிற்றைக் கையாலேயே குரோஷே முறையில் பின்னி, கூடத்தின் அளவுக்கு விரித்துத் தொங்கவிடும் வேலை அது. ஹொக்கைடோவின் தகினோ சுசுரான் பூங்காவிலுள்ள சிறுவர் கூடத்தில் அவருடைய வானவில் வலை இருக்கிறது. ஹகோனே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 2009இல் அவருடைய வலைக்கென்றே டெசுகா கட்டடக் கலைஞர்கள் ஒரு மர மண்டபம் எழுப்பினார்கள். ஒன்றோடொன்று அளவு ஒவ்வாத 589 மரத்துண்டுகளை, உலோக இணைப்புகள் இல்லாமல், பாரம்பரிய மரவேலைப் பொருத்துகளால் அடுக்கி எழுப்பியது அது. சுவர் கிடையாது, கூரை உண்டு. உள்ளே இருப்பதா வெளியே இருப்பதா என்று அதை வகைப்படுத்துவது கடினம். கட்டைகளின் இடைவெளி வழியே வெளிச்சம் சிதறி விழ, நடுவே வண்ணப் பைகளும் பந்துகளுமாக வலை தொங்குகிறது.

ஹகோனே மண்டபத்தை நான் மற்ற எதையும்விட உயர்ந்த இடத்தில் வைப்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, வலையில் ஒருவர் அசைந்தால் எல்லோரும் அசைகிறார்கள். ஒரு பெரிய பையன் குதித்தால், இரண்டு மீட்டர் தள்ளிப் படுத்திருக்கும் சிறுமி மேலெழும்புகிறாள். அவள் அறியாமலே அந்தக் குதிப்பில் பங்காளியாகிவிடுகிறாள். வரிசையில் நின்று தன் முறை வந்ததும் தனியாகச் சறுக்கிக் கீழே வரும் சறுக்குமரத்தால் இது முடியாது. பொதுவாகக் குழந்தைகளைச் ‘சேர்ந்து விளையாடுங்கள்’ என்று வாயால் சொல்லி ஓய்கிறோம். இங்கே அதைக் கயிறே செய்துவிடுகிறது. இரண்டாவது காரணம், பெரியவர்களுக்கென்று அந்த மண்டபம் செய்திருக்கும் ஏற்பாடு. மரக்கட்டைகளின் படிகளே அவர்களுக்கு இருக்கை. வலைக்குள் அவர்களுக்கு வேலையில்லை. பார்க்கலாம், பேசலாம், சும்மா இருக்கலாம். குழந்தைகள் ஆடும் இடத்தையும் பெரியவர்கள் காத்திருக்கும் இடத்தையும் ஒரே கட்டுமானம் தாங்குவதால், இரண்டாவது பின்னால் ஒட்டவைத்தது போலத் தெரிவதில்லை.

கதை சொல்ல வேண்டிய கட்டாயம் உள்ள இடங்களில் நிலைமை சிக்கலாகிறது. அருங்காட்சியகத்துக்குச் சொல்வதற்கு ஒரு பொருள் இருக்கும். விளையாட்டும் அதையே பேச வேண்டும் என்று நிர்வாகம் எதிர்பார்க்கும். பெரும்பாலும் இதன் விளைவு, வெளிப்பலகையில் ஒரு படமும் நான்கு வரித் தகவலும். குழந்தை இரண்டையும் பார்ப்பதில்லை. இதை உருப்படியாகக் கையாண்ட ஓர் அலுவலகம் என்று சியாட்டிலைச் சேர்ந்த ஓல்சன் குண்டிக் கட்டடக் கலைஞர்களைச் சொல்வேன். லாஸ் ஏஞ்சலிஸின் ஸ்கர்பால் பண்பாட்டு மையத்தில் 2007இல், பெருவெள்ளத்திலிருந்து விலங்குகளைக் காப்பாற்றியதாக விவிலியம் சொல்லும் நோவாவின் பேழையை அவர்கள் கூடத்துக்குள் எழுப்பினார்கள். பெர்லின் யூத அருங்காட்சியகத்தின் சிறுவர் உலகமான அனோஹா, பழைய மொத்தப் பூச்சந்தைக் கூடம் ஒன்றில் 2021இல் திறக்கப்பட்டது. அங்கேயும் அவர்களே வட்டவடிவ மரப்பேழை ஒன்றைக் கட்டினார்கள். வட்டமான பேழை என்ற எண்ணம் மெசபடோமியாவின் பழைய வெள்ளக் கதைகளிலிருந்து வந்தது. பார்வைக்கு அது கப்பலைவிட விண்கலத்தையே நினைவூட்டுகிறது. பேழைக்குள்ளும் வெளியிலுமாக 150 விலங்குகள். அவை கழித்துக் கட்டிய பொருள்களையும் பழைய சாமான்களையும் கொண்டு கலைஞர்கள் செய்தவை.

கதை இந்தப் பேழைகளில் சுவரில் எழுதப்பட்டிருக்கவில்லை. குழந்தை விலங்கைப் பேழைக்குள் கொண்டுசேர்க்கிறது, தீனி வைக்கிறது, சாணம் அள்ளுகிறது, மழையையும் இடியையும் தானே கைப்பிடி சுற்றி வரவழைக்கிறது. அழிவு, அடைக்கலம், சேர்ந்து வாழ்தல் என்ற பெரிய சொற்களில் ஒன்றைக்கூட உச்சரிக்காமல் அவற்றுக்குரிய உடலசைவுகளைக் கற்றுத்தந்துவிடுகிறார்கள். முதலை உருவத்தின் பல் எதனால் செய்யப்பட்டது, குரங்கின் கை முன்பு என்னவாக இருந்தது என்று துருவும் குழந்தை, பழைய பொருள் புதுப் பொருளாவதையும் பார்த்துவிடுகிறது. ஒரு சிறு குறை: கைவினை இவ்வளவு நேர்த்தியாக இருக்கும்போது, எதையும் உடைத்துவிடுமோ என்ற அச்சம் பெற்றோர் முகத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும், பிறகு குழந்தைக்கும் அது தொற்றும்.

அந்த அச்சம் சற்றும் இல்லாத இடம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள சிட்டி மியூசியம். பாப் கசில்லி என்ற சிற்பி, ‘இன்டர்நேஷனல் ஷூ கம்பெனி’ என்ற காலணி நிறுவனத்தின் கைவிடப்பட்ட பெரிய கட்டடத்தைப் பிடித்து 1997இல் திறந்த இடம் அது. நகரம் முழுவதிலுமிருந்து திரட்டிய பழைய இரும்பும் கட்டட உதிரிகளும்தான் அதன் பொருள்கள். ஒரு காலத்தில் மாடிகளிலிருந்து காலணிகளைக் கீழே அனுப்பிய சுருள் சரிவுகள் இன்று மனிதர்களை அனுப்புகின்றன. அவற்றில் ஒன்று பத்து மாடி இறங்குகிறது. வழிகாட்டி வரைபடம் தருவதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தார்கள். தரையில் ஒரு துளை தெரிந்தால் அது எங்கோ போகிறது என்று பொருள். பெரியவர்கள் நுழையத் தடையில்லை. அவர்களுக்காகவே அங்கே முழங்கால் காப்புறைகள் விற்கப்படுகின்றன. காணாமல்போவது குழந்தைகள் விரும்பித் தேடும் ஆபத்துகளில் ஒன்று என்று நார்வே ஆய்வாளர் எல்லன் சான்ட்செட்டர் வகைப்படுத்தியிருக்கிறார். உயரம், வேகம், கூரிய கருவிகள், நீர்-நெருப்பு போன்றவை, முரட்டு மல்லுக்கட்டு ஆகியவை அவர் பட்டியலின் மற்றவை. உள்ளரங்கக் கட்டமைப்புகளில் உயரமும் வேகமும் எளிதாகக் கிடைக்கின்றன. காணாமல்போவதைத் தருவதற்குத்தான் எவருக்கும் துணிவு வருவதில்லை, ஏனென்றால் எல்லா மூலையும் பெற்றோர் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று கேட்டுவாங்குகிறோம். ஒரே வாசல் உள்ள, சுவரால் மூடிய கட்டடத்துக்குள் பத்து நிமிடம் கண்ணில் படாமல் இருப்பது குழந்தைக்கு நேரக்கூடிய மிக மலிவான சாகசம். வாசலைக் காவல்காத்துவிட்டு மூலைகளை விட்டுக்கொடுப்பதே சரியான பேரம் என்பது என் கட்சி.

கட்டடக் கலைஞர்களின் இந்த ஆர்வத்தின்மேல் எனக்கொரு நீங்காத சந்தேகமும் உண்டு. எல்லாவற்றையும் அவர் வடிவமைத்து முடித்துவிட்டால், குழந்தைக்கு மாற்றியமைக்க என்ன மிச்சம்? 1968 அக்டோபரில் டென்மார்க் கலைஞர் பலே நீல்சன் ஸ்டாக்ஹோமின் மொடர்னா மூசியம் என்ற நவீனக் கலை அருங்காட்சியகத்தைக் குழந்தைகளிடம் ஒப்படைத்தார். மரச் சட்டங்கள், ஃபோம் நிரப்பிய பள்ளம், வண்ணங்கள், கருவிகள், வேடம் போட உடுப்புகள், முகமூடிகள். குழந்தைகளுக்கு நுழைவு இலவசம். பெரியவர்களுக்கு 5 குரோனர். மூன்று வாரத்தில் 33,576 பேர் வந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 20,000 பேர் குழந்தைகள். அங்கே கட்டமைப்பு என்பது தொடக்கம் மட்டுமே, மேற்கொண்டு கட்டியவர்கள் வந்தவர்கள். பத்து மாடிச் சறுக்குமரத்தில் குழந்தை பெறாத ஒன்று, அங்கே கையிலெடுத்த சுத்தியலில் கிடைத்தது. பின்னாளில் டேவிட் ராக்வெல் என்ற கட்டடக் கலைஞர் பெரிய நீலநிற ஃபோம் கட்டைகளை உருவாக்கி அவிழ்த்துவிட்டதும் இதே குறையை உணர்ந்துதான். என்னைக் கேட்டால், எவ்வளவு பிரமாதமான ஏறுகட்டமைப்பின் அடியிலும் தூக்கி நகர்த்தக்கூடிய பொருள்கள் கொஞ்சம் கிடக்கவேண்டும். அவை கூடத்தைக் குப்பையாக்கும், திறப்புவிழாப் புகைப்படத்தைக் கெடுக்கும். ஆகவே அவற்றுக்கு இடமிருப்பதில்லை.

புகைப்படம் என்றதும் இதையும் சொல்லிவிடவேண்டும். இந்தக் கட்டமைப்புகளுக்குப் பணம் கொடுப்பவரும் நுழைவுச்சீட்டு வாங்குபவரும் பெரியவர்கள். வெளியே நின்று பார்ப்பவர்களும் அவர்களே. எனவே வெளித்தோற்றத்துக்கு வேண்டாத அளவு சிந்தனை செலவாகிறது. கார்ஸ்டன் ஹோலர் என்ற கலைஞர் 2006இல் லண்டன் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தின் டர்பைன் கூடத்தில் நிறுவிய ஐந்து சறுக்குகளில் நெடியது 55 மீட்டருக்கும் மேற்பட்ட நீளம் கொண்டது. சறுக்குபவரைப் போலவே பார்த்து நிற்பவரும் அந்தக் கலைப்படைப்பின் பங்காளி என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். அதில் நேர்மை இருந்தது. குழந்தைகளுக்கானது என்ற பெயரில் பார்வையாளருக்காக மட்டுமே செய்யப்படும் சிற்பங்களில் அந்த நேர்மை இருப்பதில்லை. தரையில் மண்டியிட்டு, ஒரு மீட்டர் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தி, அங்கிருந்து என்ன தெரிகிறது என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் உண்மை விளங்கிவிடும். பல கட்டமைப்புகளில் அந்த உயரத்திலிருந்து தெரிவது திருகாணிகளும் தூசியுமே.

மற்ற நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். கண்ணாடிக் கூரையும் கான்கிரீட் தரையும் உள்ள கூடத்தில் ஐம்பது குழந்தைகளின் குரல் எதிரொலித்துத் தலைவலியாகும். ஒலியை உறிஞ்சும் பரப்புகளை முதல் வரைபடத்திலேயே சேர்க்காவிட்டால் பிறகு சேர்க்க முடியாது. ஓடிக் களைக்கும் உடல்களுக்கு, நின்று பார்க்கும் கூட்டத்தைவிட அதிகக் காற்றோட்டம் வேண்டும். உயர்ந்த கட்டமைப்பின் உட்பகுதிகளை உத்தரத்திலுள்ள தீயணைப்புத் தூவிகளின் நீர் எட்டாது என்பதால், அதற்குள்ளேயே தனித்தூவிகள் தேவைப்படலாம். ஃபோம் எளிதில் தீப்பற்றாத வகையாக இருக்கவேண்டும். எந்த முடுக்கில் குழந்தை அழுதுகொண்டு உட்கார்ந்தாலும் ஒரு பெரியவர் தவழ்ந்தாவது அங்கே போய்ச்சேர வழி வேண்டும். காலணி கழற்றும் இடம் தாராளமாக இருக்கவேண்டும். அந்த இடம் குறுகலாக இருந்தால், வடிவமைத்தவர் குழந்தைகளோடு ஒரு நாளும் வெளியே போனதில்லை என்று நான் முடிவுகட்டிவிடுகிறேன்.

ஏற முடியாத குழந்தையிடம் திரும்ப வருகிறேன். பெரும்பாலான இடங்களில் இதற்கான விடை, தரைமட்டத்தில் ஓரமாக வைத்த, தொட்டும் சுழற்றியும் விளையாடும் ஒரு பலகை. மேலே கூட்டாளிகள் ஆரவாரிக்கும்போது கீழே தனியாகச் சக்கரம் உருட்டிக்கொண்டிருப்பதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முழுக் கட்டமைப்பையும் சாய்தளமாக்குவது இடத்தை விழுங்கும். ஏறுதலின் சவாலும் போய்விடும். இடைவழிகள் இருக்கின்றன. சக்கர நாற்காலியின் இருக்கை உயரத்திலேயே முதல் தட்டை வைத்தால், கைகளால் உடலை நகர்த்தக்கூடிய குழந்தை அதற்கு மாறி, அங்கிருந்து வலைக்குள் போகலாம். அருங்காட்சியகங்களில் மாடிகள் ஏற்கெனவே இருக்கின்றன, மின்தூக்கியும் இருக்கிறது. கட்டமைப்பின் மூன்றாம் மாடிப் பகுதிக்கு மூன்றாம் மாடித் தளத்திலிருந்தே ஒரு கதவைத் திறந்துவிட்டால், கால்களால் ஏறாமலே உச்சிக்குப் போய்ச் சேரலாம். வெட்டவெளி விளையாட்டுத் திடலுக்குக் கிடைக்காத வசதி இது. பல மாடிக் கூடங்களில் நிற்கும் கட்டமைப்புகள் பெரும்பாலும் தரையில் மட்டுமே வாசல் வைத்திருப்பதற்குக் கட்டணக் கட்டுப்பாடும் ஆள்பற்றாக்குறையும் காரணமாகச் சொல்லப்படலாம். மாடியில் ஒரு கதவும் அதற்கு ஒரு பணியாளரும் என்பது, அத்தனை பிளைவுட்டை வளைத்த செலவுக்கு முன்னால் பெரிய தொகையில்லை.